மூன்றாவது ஏற்றம்

பன்னிரண்டு பேர் மைக்கைப் பிடித்துக்கொண்டு சத்தம் காட்டாமல் நின்றோம்.

ரயிலின் நான்காவது பெட்டி. இதற்கு அடியில்தான் மோட்டார் இருக்கிறது, ஐந்தாவதில் இல்லை. விவரம் தெரியாமல் ஐந்தாவதில் ஏறி, சக்கரம் கடகடப்பதை மட்டும் பதிவு செய்துகொண்டு வீட்டுக்குப் போனவர்கள் உண்டு. முதல் வருஷம் நானே அப்படிப் போயிருக்கிறேன். வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

ஜப்பானில் எங்கள் கோபே நகரத்துச் சுரங்க ரயில்களில் இந்த ஒரு வண்டிக்குத்தான் இப்படியொரு குரல். நாளை பணிமனைக்குப் போகிறது. அதே உடம்பு, அதே பச்சைப் பட்டை, அதே இருக்கைகளோடு திரும்பி வரும். மோட்டாரை ஓட்டுகிற மின்கருவியை மட்டும் மாற்றிவிடுவார்கள். அதோடு குரல் போயிற்று.

கமிசாகா நிலையத்தை விட்டு மேட்டில் ஏறும்போது இது மூன்று ஏற்றமாகப் பாடும்.

முதலாவது உறுமல். இரண்டாவது முனகல். மூன்றாவது... அடடா, அதை எப்படிச் சொல்ல! உச்சிக்குப் போய், அங்கேயே நின்றுகொண்டு, இறங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். முழுசாகப் பத்து விநாடி. எத்தனை முறை கேட்டாலும் எனக்குப் புல்லரிக்கும்.

இதைச் செய்த பொறியாளர் பாட்டென்று நினைத்துச் செய்திருக்க மாட்டார். பாவம், சத்தத்தைக் குறைக்கத்தான் மண்டையை உடைத்துக்கொண்டிருப்பார்.

பதினொரு முறை பதிவு செய்திருக்கிறேன். பதினொன்றும் பாழ். ஒன்றில் குழந்தை அழுதது. ஒன்றில் யாருடைய குடையோ விழுந்தது. போன மாதம் என் வயிறே இரைந்தது.

"முராகிஷி சான், ஏதாவது தின்னுட்டு வரக் கூடாதா? அடுத்த ஸ்டேஷன்ல எறங்கிக்குங்க."

எல்லோர் முன்னாலும் என்னிடம் அப்படிச் சொன்னவர் ஓரிஹாரா சான். மருந்துக் கடையில் வேலை பார்க்கிற அம்மா, அறுபது வயது. ரயில் சத்தம் சேகரிக்கிற எங்கள் கூட்டத்தின் சட்டமெல்லாம் அவர் போட்டதுதான். சரசரக்கிற மேல்சட்டை கூடாது. பையில் சாவிக்கொத்து கூடாது. தும்மல் வந்தால் முந்தின நிலையத்திலேயே வந்திருக்க வேண்டும்.

நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்போம். அவர் மட்டும் மூட மாட்டார். நான் எப்போது கண்ணைத் திறந்தாலும் எதிரே நின்று என்னையே முறைத்துக்கொண்டிருப்பார். பன்னிரண்டு பேரில் காவல் காக்க நான்தான் கிடைத்தேனா என்று எனக்கு வயிறெரியும்.

இன்று விடக் கூடாது. இன்றைக்கு விட்டால் என்றைக்கும் இல்லை. இரண்டு சோற்றுருண்டை சாப்பிட்டுவிட்டு, பருத்திச் சட்டையில் வந்திருந்தேன்.

கதவு மூடியது.

உள்ளங்காலில் உறுமல் ஏறியது. பிறகு முனகல். குழந்தை இல்லை, குடை இல்லை. வயிறும் சமத்தாக இருந்தது.

மூன்றாவது எழுந்தது.

என்ன சொல்ல, சுத்தத் தங்கம்! பதினொரு தடவை நாயாக அலைந்ததற்கு இந்த ஒரு தடவை போதும் என்றிருந்தது.

"மூணாவது வந்திடுச்சா?"

மீன்கடையில் விலை கேட்கிற மாதிரி அத்தனை உரக்க. பன்னிரண்டு மைக்கிலும் விழுந்திருக்கும்.

எனக்குக் கொலைவெறி வந்தது. கண்ணைத் திறந்தேன்.

கேட்டவர் ஓரிஹாரா சான்.

கிசுகிசுத்ததாகத்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்தவர்போல என் முகத்தில் எதையோ தேடினார். பெட்டி முழுக்க மூன்றாவது ஏற்றம் நின்று முழங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் நின்றுகொண்டு, வந்துவிட்டதா என்று கேட்கிறார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த அம்மாவுக்கு அது கேட்கவில்லை.

இரண்டே எட்டில் என்னிடம் வந்தார். என் முகக்கவசத்தைப் பிடித்து மோவாய்க்குக் கீழே இழுத்துவிட்டார். என் மூச்சுச் சத்தம் பதிவாகிவிடக் கூடாதென்று இன்றுதான் முதல்முறையாக அதை மாட்டிக்கொண்டு வந்திருந்தேன்.

உள்ளே என் வாய் ஆவென்று திறந்திருந்தது. இந்தச் சத்தத்துக்கு அது இப்படித் திறக்கும் என்று எனக்கே தெரியாது.

"ஆங், வந்திடுச்சு" என்றார்.

அவர் முகம் தெளிந்தது. அது அடங்கும்வரை என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கும் மூட மனம் வரவில்லை.

அடுத்த நிலையத்தில் கதவு திறந்தது. அவரே ஆரம்பித்தார்.

"உச்சத்துல போற சத்தம் எதுவும் நாலு வருஷமா எங்காதுல விழறதில்ல. இவங்கெல்லாம் கல்லு மாதிரி நிக்கிறவங்க. உங்க மூஞ்சி ஒண்ணப் பாத்துதான் நான் கேட்டுக்கிட்டிருந்தேன். கடைசி நாளு அதப் போயி மூடிக்கிட்டு வந்து நிக்கிறீங்களே, மனுஷனா நீங்க?"

இடுப்பு மடியக் குனிந்து மன்னிப்புக் கேட்டேன்.