உம் கொட்டியது யார்?

கதைகளை ஒலிப்பதிவு செய்ய நிதி கொடுக்கும் அறக்கட்டளைக்கு ஒரு கறார் நிபந்தனை உண்டு. பேச ஒரே ஓர் ஆள் மிஞ்சியிருக்கும் மொழிக்குத்தான் பணம். அப்படியொரு மொழியின் கடைசி ஆளான தையல்கார அம்மாவின் பதிவைக் கேட்டதுமே அறக்கட்டளையின் தணிக்கையாளருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. அம்மா கதை சொல்லச் சொல்ல, இன்னொரு குரல் இடமறிந்து உம் கொட்டிக்கொண்டிருந்தது. மொழி தெரியாதவருக்கு அது வராது.

"கூட யாரும்மா இருந்தது?"

"எங்க கதைக்கு யாராச்சும் உம் கொட்டணும் சார். இல்லாட்டி மேல சொல்லக் கூடாது."

"அதான், யாரு கொட்டினது?"

"நீங்க அனுப்பின ஆளுன்னுல்ல நெனச்சேன்!"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள் என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் பதிவறையில் மேசைக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார். ஒலிப்பதிவாளரை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைத் தாழிட்டார். அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து, நாளைக்குத் தன் தலையிலேயே பழியைப் போடக் கூடாதென்று வாயையும் இறுகப் பொத்திக்கொண்டார்.

அம்மா கொஞ்சம் சொல்லிவிட்டு நிறுத்தினார். காத்திருந்தார். சாயம் வெளுத்தது என்று தணிக்கையாளர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

"உம்."

அம்மா தலையாட்டிவிட்டுக் கதையைத் தொடர்ந்தார். தணிக்கையாளரின் தொண்டை அசையவே இல்லை. வாயைப் பொத்தியிருந்த கையின் மேற்புறத்தில்தான் அந்த மூச்சு சூடாகப் பட்டது.