ஆளில்லாத நிறுத்தம்

தண்ணீர்த் தொட்டி நிறுத்தத்தில் ஏறவும் யாருமில்லை, இறங்கவும் யாருமில்லை. டிரைவர் வழக்கம்போல் வண்டியை நிறுத்தி முன்கதவைத் திறந்தார்.

ஒரு நிமிடம். கடிகாரம் பார்த்துச் சரியாக ஒரு நிமிடம்.

கண்டக்டர் இரண்டு விசில் கொடுத்தான். ஒன்று என்றால் நில், இரண்டு என்றால் போ. டிரைவருக்குக் காது கேட்டதாகவே தெரியவில்லை.

"பெரியவர் தூங்கிட்டாரா, எழுப்புப்பா," என்றார் ஆபீஸ் பையோடு நின்றவர்.

"தூக்கமா? அந்தச் சந்துல அவருக்குச் சின்ன வீடு இருக்காம். முகத்தைக் காட்டிட்டுத்தான் கிளம்புவாரு," என்றாள் பின்சீட்டு அம்மாள்.

கண்டக்டரும் சிரித்தான். அந்தக் கதையைக் கிளப்பிவிட்டதே அவன்தான். மூன்று வருடமாக அவனுக்கும் டிரைவருக்கும் ஒரே வண்டி.

புகார் டிப்போவரை போயிருந்தது. இன்றும் நிறுத்தினால் எழுதிக் கொடு, ஆளை வண்டியிலிருந்தே இறக்கிவிடுகிறேன் என்று மேனேஜர் ஒரு படிவத்தைக் கண்டக்டர் கையில் திணித்திருந்தார். டிரைவருக்கு ஓய்வு பெற எட்டு மாதம்தான் பாக்கி.

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கியதும் கண்டக்டர் முன்னால் வந்தான்.

"தப்பா நினைக்காதீங்கண்ணே, மேலிடத்து உத்தரவு. காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. என்ன எழுதட்டும்?"

டிரைவர் ஸ்டியரிங்கிலிருந்து கையெடுக்கவில்லை.

"எங்க பொண்ணு ஏறுவாளான்னு பார்க்கறேன். அப்படியே எழுதிக்கோ."

"உங்களுக்கு ஒரே பையன்தானேண்ணே?"

"பையன்னுதான் நானும் சொல்லிட்டிருந்தேன். பொண்ணா உடுத்திட்டு வந்து நின்ன அன்னிக்கு, வெளியே போன்னுட்டேன். அவ அம்மா எனக்குத் தெரியாம தண்ணீர்த் தொட்டிகிட்ட ஒரு ரூம் பார்த்துக் குடுத்திருக்கா. 'வேலைக்கு அப்பா வண்டியிலயே போ, அதுல உன்னை யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க'ன்னு தைரியம் சொல்லி அனுப்பியிருக்கா."

கண்டக்டர் பேனாவைத் திறக்கவில்லை.

தினமும் கை காட்டினாளாம். தினமும் இவர் நிறுத்தாமல் போனாராம். ஒரு நாள் நல்ல மழை. மனசு கேட்காமல் பிரேக்கில் கால் வைத்துவிட்டாராம்.

"ஒரு காலைப் படியில வெச்சா தம்பி. அதுக்குள்ள நீ ரெண்டு விசில் குடுத்துட்டே. காலை எடுத்துட்டா. நானும் வண்டியை எடுத்துட்டேன். மறுநாள்லேருந்து அவ நிக்கலை. ஒன்றரை வருஷமாச்சு. ரூம்ல வேற யாரோ இருக்காங்க. போன் போகலை. அவ அம்மா என்கூடப் பேசறதில்லை."

அந்த மழை நாள் கண்டக்டருக்கு நினைவு வந்தது. கழுத்தில் தொங்கிய விசில் சட்டைக்குள் சில்லென்று பட்டது.

"எனக்குத் தெரியாதுண்ணே. உங்க பொண்ணுன்னு தெரிஞ்சிருந்தா..."

"உன்னை ஒண்ணும் சொல்லலை. விசிலுக்கு அப்புறம் அவளைப் பத்தி நீ ஒரு ஜோக் அடிச்சே. வண்டியே சிரிச்சுது. சிரிச்சவங்க யாரையும் அவ பார்க்கலை. கண்ணாடியில என் முகத்தைத்தான் பார்த்தா."

டிரைவர் அந்தக் கண்ணாடியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

"நானும் சிரிச்சிட்டிருந்தேன்."