இந்த வாரத் துரோகி

"வரலாறு எழுந்து நின்று கேட்கவேண்டிய அறிவிப்பு: இந்த வாரத் தேசத்துரோகி, ஏழாம் தெரு பூவராகன்!" என்று வீட்டுச் சுவரில் பதித்திருந்த அரசு ஒலிபெருக்கி முழங்கியது.

எதிரிகள் தீர்ந்துபோனதால், ஆட்சியிலிருந்த இயக்கம் வாரம் ஒரு குடும்பத்தைக் குலுக்கலில் பிடித்து எதிரியாக்கியது. ஊரே அந்த வீட்டைத் தேடிப்போய் ஏசியே ஆக வேண்டும், வராதவருக்குச் சிறை.

பூவராகன் கையிலிருந்த பத்திரிகைக் கட்டைக் கீழே போட்டார். வெள்ளிக்கிழமை மகளுக்குக் கல்யாணம். "துரோகி வீட்டுக் கல்யாணத்துக்கு எவன்டி வருவான்?"

"எவன் வராம இருப்பான்? வராட்டி ஜெயிலாச்சே! ஐநூறு இலை சேத்துச் சொல்லுங்க" என்றாள் மனைவி செங்கமலம்.

வந்தார்கள். அட்சதை போட்ட கையோடு "துரோகி ஒழிக!" என்று தொண்டை கிழியக் கத்திவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தார்கள். "ஒழிக மாமா, அந்த ஜாங்கிரிய இப்படித் தள்ளுங்க!" பூவராகன் பூரித்துப்போனார்.

மறுநாள், கல்யாணம் வைத்திருந்த நானூறு குடும்பங்கள் தங்களையும் துரோகியாக்கக் கோரி மனுக் கொடுத்தன. முதல் மனு இயக்கத் தலைவர் வீட்டிலிருந்து வந்தது.