மறுபடியும் கறுப்பு ரெயின்கோட்

"என்னால ஆகாது தம்பி. அந்த ரெயின்கோட்டை நான் கையால தொடக்கூட மாட்டேன்" என்று ராஜபாண்டி பெரிய கும்பிடாகப் போட்டார்.

சாய்நாத் சினிமா டைரக்டர். மாட்டுங்காவிலிருந்து தாராவிக்கு அவன் வந்து கெஞ்சுவது இது மூன்றாம் தடவை. இந்த மனிதரை விட்டால் அவனுக்கு வேறு கதி இல்லை.

விஷயம் இதுதான். முப்பது வருடத்துக்கு முன்னால் 'கறுப்பு ரெயின்கோட்' என்று ஒரு கொலைப்படம் வந்து பம்பாயையே கதிகலங்க அடித்தது. கதை என்று பிரமாதமாக ஒன்றுமில்லை. அடைமழை, ஒதுங்க இடமில்லாத சந்து, ரெயின்கோட்டும் முகமூடியும் போட்ட ஒரு கொலைகாரன். அவன் ஓட மாட்டான், கத்த மாட்டான், தன் பாட்டுக்கு நடந்து வருவான். அந்த நடையைப் பார்த்துத்தான் ஜனங்கள் அலறினார்கள். அந்த வருட மழைக்காலம் முழுக்க ரெயின்கோட்டைத் தொடாமல் நனைந்துகொண்டே ஆபீஸ் போனவர்கள் மாட்டுங்காவில் இன்றைக்கும் இருக்கிறார்கள். படத்தில் கடைசிவரை முகமூடி கழலாது. டைட்டிலில் மட்டும் 'ரெயின்கோட் - ராஜபாண்டி' என்று போட்டிருந்தார்கள்.

அதன் இரண்டாம் பாகத்தைத்தான் சாய்நாத் எடுத்துக்கொண்டிருந்தான். முன்னால் எடுத்த இரண்டு படமும் ஊற்றிக்கொண்டதால் அவனுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. தயாரிப்பாளர் பத்மஜா செம்பூர்க்காரி. வழவழா கொழகொழா பேச்செல்லாம் அவளிடம் கிடையாது.

"ப்ரிவ்யூல ஜனங்க பயப்படணும் சாய். சிரிச்சாங்கன்னா படம் தியேட்டருக்கே போகாது. நீ வேற வேலை பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டாள்.

ஜிம்மில் வளர்த்த உடம்புக்காரர்கள் இரண்டு பேரை ரெயின்கோட் மாட்டி நடக்கவிட்டும் பார்த்தாயிற்று. ஒருத்தன் லோக்கல் ரயிலைப் பிடிக்கப் போகிறவன் மாதிரி வந்தான். இன்னொருத்தனைப் பார்த்து லைட் பிடிப்பவரே சிரித்துவிட்டார்.

"அந்த நடை வேற யாருக்கும் வரல்லே சார். நாலே நாள் வந்தா போறும்" என்று சாய்நாத் மறுபடியும் கெஞ்சினான்.

ராஜபாண்டி மசியவில்லை. மூன்றாம் மாடியிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு குதித்த ஸ்டண்ட்காரர், இந்த வயதிலும் முறுக்கு மீசை, அவர் ஏன் இதற்குப் போய் இப்படிப் பதறுகிறார் என்று அவனுக்குப் புரியவில்லை. பழைய பேர் கெட்டுவிடுமே என்ற கவலையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

அப்போது அடுப்படியிலிருந்து டீயோடு வந்தாள் அவர் மனைவி ருக்கு.

"எத்தன மட்டந்தான் நடக்கும், பாவம், அந்தத் தம்பி. செஞ்சு குடுத்திருவோம்னு ஒரு வார்த்த சொல்லுங்களேன்" என்றாள்.

ராஜபாண்டி மனைவியை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் பெருமூச்சு விட்டுவிட்டு ஒரு நிபந்தனை போட்டார். முதல் படத்தில் எப்படியோ இதிலும் அப்படித்தான். முகமூடியோடுதான் வருவது, முகமூடியோடுதான் போவது, செட்டில் ஒருத்தரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. முகத்தைப் பார்த்துவிட்டால் கூட நடிப்பவர்களுக்குப் பயம் போய்விடுமாம். பெரிய கலைஞர்களுக்கு இந்த மாதிரிக் கிறுக்கெல்லாம் உண்டுதான் என்று சாய்நாத் உடனே தலையாட்டினான்.

அடுத்த வாரமே கொட்டுகிற மழையில் தாராவிச் சந்து ஒன்றில் காமிரா ஓடியது. மறுகோடியில் அந்தக் கறுப்பு உருவம் வந்து நின்றது. பிறகு நடந்தது. அடேயப்பா, அது என்ன நடை! தலை இம்மியும் ஆடவில்லை. இரண்டு பக்கச் சுவரிலும் ரெயின்கோட் உரசவில்லை. வழுக்குகிற தரையை ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்கவில்லை. காமிராக்காரர் தன்னையறியாமல் பின்னால் நகர்ந்து சாக்கடையில் காலை விட்டுவிட்டார். இந்த வயதிலும் மனிதருக்கு எப்பேர்ப்பட்ட உடம்பு என்று சாய்நாத்துக்குக் கண் கலங்கியது.

ப்ரிவ்யூவை மாட்டுங்கா தியேட்டர் ஒன்றில், மத்தியானக் காட்சியாக வைத்தார்கள். பழைய படத்தின் ரசிகர்கள் கூட்டமாக வந்து, ஆறிப்போன சோற்றைச் சூடு பண்ணியிருக்கிறான் பார் என்று ஆரம்பத்திலிருந்தே கிண்டலடித்தார்கள். பத்மஜா திரும்பிச் சாய்நாத்தை முறைத்தாள். அவன் நகத்தைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தான்.

திரையில் மழை பிடித்தது. சந்து வந்தது. அந்த நடை வந்தது.

சோற்றுக் கிண்டல் பண்ணியவர் முன்பின் தெரியாத பக்கத்துச் சீட்டுக்காரரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பின்வரிசையில் ஒரு பெண், "மத் ஜா, உதர் மத் ஜா", அந்தப் பக்கம் போகாதே என்று திரையைப் பார்த்துக் கதறினாள். பாதித் தியேட்டர் காலைத் தூக்கிச் சீட்டில் வைத்துக்கொண்டது. விளக்குப் போட்டதும் அத்தனை பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பத்மஜாவே எழுந்து வந்து, "தியேட்டருக்குப் போறோம் சாய்" என்றாள். சாய்நாத்துக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை.

கூட்டம் ரெயின்கோட், ரெயின்கோட் என்று ஆர்ப்பரித்தது. அவன் ஓடிப்போய், மனைவியோடு உட்கார்ந்திருந்த ராஜபாண்டியை மேடைக்கு இழுத்து வந்து கையில் மைக்கைக் கொடுத்தான். மனிதருக்குச் சட்டையெல்லாம் வேர்வை.

"படம் பூரா நான் கண்ணப் பொத்திக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றார். "அந்த முகமூடியப் பாத்தாலே எனக்குக் கொல நடுங்கும். மொத படத்துலயுஞ்சரி, இதுலயுஞ்சரி, ஒருநாளும் நான் அதப் போட்டது கெடையாது."

சாய்நாத் வாயைப் பிளந்து நின்றான்.

ராஜபாண்டி கூட்டத்துக்குள் கையை நீட்டினார். முகத்தில் இப்போது பயம் போய்ப் பெருமை வந்திருந்தது.

"தலையில ஒரு குடம், இடுப்புல ஒரு குடம்னு தாராவிச் சந்துல சொட்டுத் தண்ணி சிந்தாம நடந்தவ நடை அது. ஏட்டி ருக்கு, மேல வா. நீதான் கொலகாரின்னு எல்லாரும் பாக்கட்டும்."