உள்ளே ஒருவர்

“நீ பூட்டும்போது உள்ள யாராவது இருந்தா என்னம்மா பண்ணுவே?”

பல் தேய்த்துக்கொண்டே மகள் ஒருநாள் கேட்ட கேள்வி. ஆபீஸில் உனக்கு என்ன வேலை என்று நச்சரித்த பிள்ளையிடம், கதவு பூட்டுகிற வேலை என்று அம்மா சொல்லிவைத்திருந்தாள். பொய்யில்லை. கடல் தாண்டிய பெரிய கம்பெனி ஒன்று தன் கம்ப்யூட்டர் வேலைகளையெல்லாம் இந்த ஆறாவது மாடியில் கொண்டுவந்து இறக்கியிருந்தது. அதில் அவளுக்கு வாய்த்த பங்கு இது: கம்பெனி யாரை வீட்டுக்கு அனுப்புகிறதோ, அவருடைய கணக்கை மூட வேண்டும். பட்டனைத் தட்டினால் மின்னஞ்சல், வாசல் அட்டை, மருத்துவக் காப்பீடு எல்லாம் ஒரே மூச்சில் போய்விடும். அதற்குப் பிறகுதான் அந்த ஆளைக் கூப்பிட்டு விஷயத்தையே சொல்வார்கள்.

மகள் கேட்ட நாளிலிருந்து அவளுக்கு ஒரு பழக்கம். பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தால் ஆள் வேலையில் இருக்கிறார் என்று அர்த்தம். அது அணையட்டும் என்று காத்திருப்பாள். பாதி வாக்கியத்தில் இருக்கிறவரை வெளியே பிடித்துத் தள்ள அவளுக்குக் கை வராது.

இன்று மூட வந்த பெயர்களில் ஒன்று மட்டும் பாக்கி. மதியச் சாப்பாட்டு நேரத்தில் புள்ளி சற்று நேரம் அணைந்திருந்தது. அப்போதும் அவள் விரல் நகரவில்லை.

“என்னக்கா, ஒண்ணு இன்னும் சிவப்புலயே நிக்குது?”

பக்கத்து நாற்காலியிலிருந்து கேட்டான் மேஸ்திரி. அவளைவிட வயதில் சின்னவன், ஆனால் குழுவுக்குத் தலைவன். விரட்டி விரட்டி வேலை வாங்குவதால் மாடி முழுக்க அவனுக்கு அந்தப் பெயர். எத்தனை பாக்கி என்பது அவன் திரையில் தெரியும். யார் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். மூடி முடிக்கும்வரை யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்பது விதி.

“கொஞ்சம் பொறுங்க தம்பி.”

“பூட்டறதுக்கும் முகூர்த்தம் பாக்கறீங்களா?”

அவள் கண் அந்தப் பெயர்மேலேயே இருந்தது. அந்த ஆளின் மகளுக்கு இதயத்தில் கோளாறு. ஆபரேஷனுக்கான காப்பீட்டு அனுமதி இன்றைக்குள் வந்தாக வேண்டும். வந்துவிட்டால், பிறகு வேலை போனாலும் செல்லும். அதற்கு முன்பே கணக்கை மூடினால், இவர் எங்கள் ஊழியர் அல்ல என்று ஆஸ்பத்திரிக்குப் பதில் போய்விடும்.

அவள் அந்த ஆளுக்குக் கடன்பட்டவள் வேறு. அவள் மகள் குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த நாட்களில், அவளுடைய வேலையையும் சேர்த்துத் தன் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு, அதை ஒருநாளும் சொல்லிக்காட்டாத ஆள். அவளுக்கே அது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

தலைமை அலுவலகத்து அம்மாள் அழைத்தாள். இவள் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, கணினி மந்தமாக இருக்கிறது என்றாள். பொய்தான். ஆண்டவனே, மன்னித்துக்கொள் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டாள். அந்த அம்மாள் குரலை உயர்த்தவில்லை. தாமதம் உங்கள் பெயரில்தான் பதிவாகும், அடுத்த முறை ஆள் குறைக்கும்போது அதையும் பார்ப்பார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

மேஸ்திரி கைப்பேசியைக் கவிழ்த்து வைப்பதும் நிமிர்த்திப் பார்ப்பதுமாக இருந்தான்.

“அக்கா, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். இந்த வேலைய இன்னும் மலிவா செய்யற ஊருக்குத் தூக்கிக் குடுக்கப்போறாங்கன்னு ஏற்கெனவே பேச்சு அடிபடுது. இதையே சாக்கா வெச்சு மாடியவே மூடிடுவாங்க. யாரோ ஒருத்தனுக்காக இத்தன பேர் வயித்துல அடிக்கணுமா?”

“அந்த ஆளுக்கும் புள்ளகுட்டி இருக்கும்ல?”

“யாருக்குத்தான் இல்ல? மொகத்தப் பாத்தா இந்த வேல செய்ய முடியாதுக்கா. கண்ண மூடிக்கிட்டு ஒரே தட்டு.”

அவள் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“சரி, நகருங்க. உங்களுக்கு மனசு வரலேன்னா நான் தட்டறேன். பேரக்கூடப் பாக்கமாட்டேன்.”

நாற்காலியை உருட்டிக்கொண்டு அவன் நெருங்கியதும் அவள் பதறிப்போய் உள்ளங்கையால் திரையை மறைத்தாள்.

“வேணாம் தம்பி. பாவம் என்னோடயே போகட்டும்.”

அவன் சிரித்துவிட்டான். உங்களை எல்லாம் கோயிலில் உட்கார்த்திவைக்க வேண்டும், ஆபீஸில் அல்ல என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவன் கைப்பேசி அதிர்ந்தது. எடுத்துக்கொண்டு நடைபாதைக்கு ஓடினான். திரும்பி வந்தபோது கண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

“ஆஸ்பத்திரியிலேர்ந்துக்கா. இன்ஷூரன்ஸ்ல சரின்னுட்டாங்க. பாப்பாவுக்கு நாளைக்குக் காலைல ஆபரேஷன்.” அவசர அவசரமாக லேப்டாப்பை மூடினான். “நான் கெளம்பறேன். அந்த ஆளை மட்டும் பூட்டிட்டுப் போங்க, புண்ணியமாப் போகும்.”

அவள் திரையில் பச்சைப் புள்ளி அணைந்தது. ஜன்னலருகே போய், அவன் வாசலில் அட்டையைக் காட்டி வெளியேறித் தெருவைக் கடக்கும்வரை பார்த்திருந்தாள்; பிறகு ஆளில்லாத வரிசைக்குத் திரும்பி வந்து, அவன் பெயருக்கு எதிரே இருந்த பட்டனைத் தட்டினாள்.