வெள்ளிக்கிழமை வாளி

"பக்கத்தில இருந்துகொண்டு கானுக்குள்ள எண்ணெய் ஊத்துறவன் ஒரு மனிசனே? நான் பேர் சொல்லேல்லை. ஆனா ஊத்தினவனே வந்து தன்ர கையால அள்ளவேணும்."

பேர் சொல்லாவிட்டாலும் ஜீவரத்தினத்தின் விரல் பக்கத்து பிஷ் அன்ட் சிப்ஸ் கடையைத்தான் காட்டிக்கொண்டு நின்றது. வால்தம்ஸ்டோவில் அவருடைய றோல்ஸ் கடைக்கும் கிறிஸ்துராஜாவின் அந்தக் கடைக்கும் பின்முற்றம் ஒன்று, கழிவுநீர்க் கானும் ஒன்று. காலையில் கான் பொங்கி, கறுத்த தண்ணீர் குசினிப் படியைத் தொட்டுவிட்டது.

மூன்று மணிக்குக் கவுன்சில் அதிகாரி வருவார். அதற்குள் வடியாவிட்டால் கடைக்குப் பூட்டு. தொண்ணூற்றொன்றில் லண்டனுக்கு வந்ததிலிருந்து பதினெட்டு வருசம் கோப்பை கழுவி எழுப்பிய கடை.

"கண்ணால கண்டனீங்களோ?" என்றாள் மனைவி கமலேஸ்வரி.

"கண்டனான். வெள்ளிக்கு வெள்ளி விடியக்காலமை வாளியோட வந்து கான் மூடியைத் திறப்பான். மேல் ஜன்னலுக்குள்ளால பாத்துக்கொண்டுதானே இருக்கிறன். இப்ப அடைச்சுப்போட்டு, லூர்து மாதாவிட்டைப் புண்ணியம் தேடப் போட்டார்."

கான் அடைப்பு எடுக்க வந்த நரசிம்மன் மதுரைக்காரன். குழாய்க்குள் கமராவை இறக்கினான்.

"எவ்வளவு நேரம் எடுக்கும்?"

"மூணு மணி நேரம் ஆகும் சார்."

"ஒண்டில முடி."

"என்கிட்ட பேரம் பேசலாம் சார். கான்கிட்ட முடியாது."

முதலில் பக்கத்துக் கடைக் குழாய்.

"சுத்தமா இருக்கு. எண்ணெய் பிடிக்கிற பெட்டி வச்சிருக்காரு."

"வடிவாப் பார், தம்பி."

"பாத்துட்டேன் சார். அடைப்பு உங்க குழாய்ல."

திரையில் மெழுகு போல வெள்ளைக் கட்டி. நடுவில் ஒரு கறிவேப்பிலை, மறுக்க முடியாதபடி.

"பழைய எண்ணெய என்ன சார் பண்றீங்க?"

"வெள்ளி மரக்கறி நாள். மீன் றோல்ஸ் பொரிச்ச எண்ணெயில வடை சுட ஏலுமே? வியாழன் கடை பூட்டேக்கை சுடுதண்ணியோட சிங்குக்குள்ள ஊத்திவிடுவன். போற இடத்தில மெஷின் வைச்சுச் சுத்தம் செய்யிறாங்கள்தானே."

"அங்க போய்ச் சேர்ந்தாத்தானே சார். பாதி வழியில ஆறி உறைஞ்சிடுது. இத்தனை வருசமா எப்படி அடைக்காம இருந்துச்சுன்னுதான் புரியல."

அப்போது பயணப் பையோடு முற்றத்துக்குள் வந்தார் கிறிஸ்துராஜா. தண்ணீரைப் பார்த்ததும் பையைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினார். நீளத் தடியும் வாளி நிறையக் கொதிதண்ணீருமாகத் திரும்பினார்.

"ரெண்டு வெள்ளி தவறிப்போச்சு, அதுதான்," என்றார் நரசிம்மனிடம். "வெள்ளி விடிய இறுகத் தொடங்கும். அப்பவே குத்திவிட்டா ஓடிடும்."

ஜீவரத்தினத்துக்குக் கோபம்தான் வந்தது.

"எனக்கு ஏன் ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"உங்களுக்குச் சொல்லுறதைவிட, அண்ணை, கான் குத்துறது லேசு."

இரண்டு மணிக்குத் தண்ணீர் மடமடவென்று இறங்கியது. ஜீவரத்தினம் படியில் குந்தி, காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டார். கடை தப்பிவிட்டது. முற்றம் முழுக்க வெள்ளைக் கட்டிகள்தான் மிச்சம்.

அள்ளுவதற்காகக் குனிந்தார் கிறிஸ்துராஜா. கமலேஸ்வரி அவர் கையிலிருந்த வாளியைப் பறித்துப் புருசன் முன்னால் வைத்தாள்.

"நீங்கள் விடுங்கோ தம்பி. ஊத்தினவனே தன்ர கையால அள்ளவேணுமெண்டு இவர் காலமையே தீர்ப்புச் சொல்லிப்போட்டார். இஞ்சருங்கோ, எழும்புங்கோ. அதிகாரி வர முதல் அள்ளி முடியுங்கோ."