முதன்மைச் சான்று

சோற்றைப் பிசைந்துகொண்டே நறுமுகை சொன்னாள். "அம்மா, இன்னிக்கு குடிமையியல் வகுப்புல உன் குரலப் போட்டாங்க."

பரிமாறிக்கொண்டிருந்த தர்ஷினியின் கை நின்றது. ஆறாம் வகுப்பில் பாடப்புத்தகத்தை எடுத்துவிட்டு, வீடுதோறும் அரசு பொருத்திய கருவிகளில் பதிவாகும் பேச்சையே முதன்மைச் சான்றாக வைத்து நடத்துகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். தன் வீட்டுப் பேச்சும் வகுப்புக்குப் போகும் என்று அவள் நினைத்ததில்லை.

"நான் என்ன பேசினேன்?"

"குழாயில தண்ணி வராதப்போ கவுன்சிலரத் திட்டினியே, அதான். இவங்க எப்படிப்பட்ட குடிமகள்னு மிஸ் கேட்டாங்க. எல்லாரும் 'நம்பத்தகாதவர்'னு சொன்னோம்."

"நீயுமா?"

"அதானேம்மா சரியான விடை. மிஸ் எனக்குக் கைதட்டச் சொன்னாங்க."

தர்ஷினி கணவனைப் பார்த்தாள். கிஷோர் ஏதோ சொல்ல வந்தவன், கூரை மூலையில் இருந்த பதிவுக்கருவியைப் பார்த்ததும் அடங்கிவிட்டான். ரசம் வேண்டும் என்று கையால் காட்டினான். அவளும் பேசாமல் ஊற்றினாள்.

மறுநாளும் வீட்டில் பாத்திரச் சத்தம்தான் கேட்டது. அதற்கடுத்த நாள் பள்ளியிலிருந்து வந்த நறுமுகை, பையைக்கூட இறக்காமல் அம்மாவின் முகத்தையே பார்த்தபடி நின்றாள்.

"திடீர்னு பேச்ச நிறுத்தின வீடுகளப் பத்தி நாளைக்குப் பாடம்மா," என்றாள்.